ஒத்தைச் செருப்பும் ஒரு ஸ்கூட்டரும்

இந்தத் தடவை கொலைகாரனைப் பாக்கியத்துக்கு முன்னால் கண்டுபிடிக்காவிட்டால் தன் பெயர் தணிகாசலமே இல்லை என்று தணிகாசலம் சபதம் எடுத்தார். எடுத்த இடம் குளியலறை. கேட்டது வாளி மட்டும். ஆனாலும் சபதம் சபதம்தான்.

புதுச்சேரி நெல்லித்தோப்பில் அவர்கள் வீட்டில் விளக்கு வைத்ததும் தொடர் பார்க்க உட்கார்ந்துவிடுவார்கள். ஒரு நாளைக்கு ஒரு பாகம். ஒருவர் இல்லாமல் மற்றவர் பார்க்கக் கூடாது. இது அவர் மனைவி பாக்கியலட்சுமி போட்ட சட்டம். அந்த வீட்டில் சட்டம் போடுகிற இலாகா அவளிடம்தான் இருந்தது. ரிமோட்டும் அவளிடம்தான். பாகத்தைத் தேடி எடுத்து, நிறுத்தி வைத்துவிட்டுத்தான் அவரைக் கூப்பிடுவாள். அரசு அலுவலகத்தில் தணிகாசலம் கண்காணிப்பாளர். அவர் உள்ளே வந்தால் நாலு பேர் எழுந்து நிற்பார்கள். வீட்டில் பாக்கியம் சோபா பக்கம் வந்தால் அவர் எழுந்து நிற்பார்.

அப்போது ஓடிக்கொண்டிருந்தது ‘பதினேழாவது மாடி’ என்ற தொடர். மும்பையில் நடக்கிற கதை, தமிழில் பேச வைத்திருந்தார்கள். முன்பின் ஒருவரையொருவர் தெரியாத ஆட்கள்: ஒரு லிஃப்ட்காரன், ஒரு நர்ஸ், ஒரு டாக்சி டிரைவர், ஒரு நீதிபதி. அவ்வளவு பெரிய ஊரில் இவர்கள் அத்தனை பேருக்கும், செத்துப்போன ஒரு கட்டட முதலாளிக்கும் ஏதோ ஒரு தொடர்பு. யாரைப் பார்த்தாலும் சந்தேகமாக இருந்தது. பிணத்தின் வலது காலில் செருப்பு இருந்தது. இடது காலில் இல்லை.

“அந்த ஒத்தச் செருப்பு எங்க போச்சுன்னு ஒருத்தனும் கேக்க மாட்றானே” என்றாள் பாக்கியம் முதல் நாளே.

“ஒரு கொல நடந்திருக்குது. நீ என்னாடான்னா செருப்பத் தேடற.”

“செத்தவன் தேட மாட்டான். அதான் நான் தேடறேன்.”

இப்படித்தான் பேசுவாள். பேசிவிட்டுக் கண்டும் பிடித்துவிடுவாள். போன தொடரில் தணிகாசலம் கடைசி வரை ஒரு பாவப்பட்ட விதவையைச் சந்தேகப்பட்டு, அவளைத் தூக்கில் போடச் சொல்லிக்கொண்டிருந்தார். பாக்கியமோ இரண்டாம் நாளே போலீஸ் நாய்க்குச் சோறு வைக்கிறவனைக் கைகாட்டினாள். அவனேதான். அன்றே ரெட்டியார்பாளையத்தில் இருக்கிற தம்பி வைத்திலிங்கத்துக்கு போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்துச் சொன்னாள். மச்சான் சிரித்த சிரிப்பு தெருமுனை வரை கேட்டது.

வெறும் மானப் பிரச்சினையாக இருந்தால் தணிகாசலம் பொறுத்துக்கொண்டிருப்பார். மானம் போவது அவருக்குப் பழகிவிட்டது. இந்தத் தடவை ஸ்கூட்டரே போகிற நிலைமை.

கல்யாணத்துக்கு முன்னால் வாங்கிய பச்சை ஸ்கூட்டர். கொஞ்ச நேரம் ஒருபக்கமாகப் படுக்க வைத்து, கொஞ்சிப் பேசி, உதைத்தால்தான் கிளம்பும். வீட்டு நடையில் நிற்கிறது. பாக்கியத்தின் கால் கட்டைவிரலில் அது இடிக்காத நாள் இல்லை. அந்த இடத்தில்தான் துணி துவைக்கிற மெஷின் வர வேண்டும் என்பது அவள் கட்சி. அந்த வண்டியில் போய் நாம் படம் பார்க்காத தியேட்டர் புதுச்சேரியில் இல்லை என்பது அவர் கட்சி.

“நாமன்னு சொல்லாதீங்க. நான் பாத்தேன். நீங்க எங்க பாத்தீங்க?”

அதில் நியாயம் இருந்தது. ஹீரோவும் வில்லனும் கடைசிச் சண்டைக்குச் சட்டைக் கையை மடிக்கும்போதே தணிகாசலம் எழுந்துவிடுவார். “ஸ்டாண்டுல கூட்டம் சேந்துடும், நான் போயி வண்டிய எடுக்கறேன், நீ மெதுவா வா.” எந்தப் படத்தின் முடிவையும் அவர் திரையில் பார்த்ததில்லை. வீடு திரும்பும் வழியில் பின்சீட்டிலிருந்து பாக்கியம் சொல்லக் கேட்டதுதான்.

காயலாங்கடைக்காரர் இராமதாஸ் வந்து ஸ்கூட்டரைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போன அன்று வீட்டில் பெரிய சண்டை. மத்தியஸ்தத்துக்கு வைத்திலிங்கம் வந்தான். கடைசியில் பாக்கியமே சொன்னாள்.

“சரி, பந்தயம். ஞாயித்துக்கிழம கடைசி பாகம். அதுக்கு முன்ன ஆளுக்கொரு பேரு சொல்லுவோம். நீங்க சொல்ற ஆளு கொலகாரன்னா வண்டி காலத்துக்கும் இங்கியே கெடக்கட்டும், நான் வாயத் தொறக்க மாட்டேன். நான் சொல்ற ஆளுன்னா இராமதாஸ் வந்து எடுத்துகினு போவாரு.”

“மாமா, ஒத்துக்காதீங்க” என்றான் வைத்திலிங்கம். அவனுக்கே பாவமாக இருந்தது.

“ஏன்? எனக்கு மூள இல்லியா?” என்று தணிகாசலம் ஒத்துக்கொண்டார். மறுநாள் காலை வாளி முன்னால் சபதமும் எடுத்தார். எடுத்த கையோடு, மூளையை நம்பிப் பிரயோஜனமில்லை, முன்கூட்டியே பார்த்துவிடுவதுதான் வழி என்றும் முடிவு செய்தார். பெங்களூரில் இருக்கிற மகள் சங்கவி டிவியில் தொடர் வர ஏற்பாடு செய்தபோது அப்பாவின் போனிலும் போட்டுக் கொடுத்திருந்தாள். குழந்தை நன்றாக இருக்கட்டும்.

அலுவலகத்தில் பார்த்தால் எழுந்து நிற்கிறவர்கள் பார்ப்பார்கள். ஆகவே மதியச் சாப்பாட்டு வேளையில் ஸ்கூட்டரைத் தாவரவியல் பூங்கா வாசலில் நிறுத்திவிட்டு, உள்ளே ஒரு மரத்தடி பெஞ்சில் காதில் வயரை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். யாருக்கும் யாரையும் தெரியாத இடம். பிள்ளைகளும் காதலர்களும்தான் இருந்தார்கள்.

“என்னா சார், ஆபீசு இல்லியா?”

தூக்கிவாரிப் போட்டது. எதிரே அங்கம்மாள். காலாப்பட்டிலிருந்து கூடையோடு வந்து அவர்கள் தெருவில் மீன் விற்கிறவள். திரும்பிப் போகிற பஸ்ஸுக்கு நேரமிருந்ததால் நிழலுக்கு ஒதுங்கியிருந்தாள்.

“காதுல வயரு, கண்ல தண்ணி. யாராச்சும் செத்துட்டாங்களா சார்?”

“கட்டட முதலாளி” என்றார் தணிகாசலம், நினைவு முழுக்கத் தொடரில் இருந்ததால்.

“ஐயையோ! உறவா?”

“இல்ல, மும்பை. இந்தா அங்கம்மா, நான் இங்க உக்காந்திருந்தத வீட்ல சொல்லாத.”

“நான் எதுக்கு சார் சொல்றேன்?” அங்கம்மாள் கூடைத் துணியை விலக்கினாள். “கடைசியா ஒரு கொடுவா நின்னு போச்சி. நல்ல மீனு. யாரும் எடுக்கல.”

அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். தணிகாசலத்துக்கு அது மிரட்டலாகக் கேட்டது. கொடுவாவை வாங்கிக்கொண்டார்.

வீட்டில் பாக்கியம் மீனைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், மறுபடி மீனைப் பார்த்தாள்.

“மீன் மார்க்கெட்டு வழியா போனாலே மூக்கப் புடிக்கிற ஆளு. என்னா சமாச்சாரம்?”

“ஆசயா இருந்துது.”

“மீன் மேலியா?”

இந்தக் கேள்வியை அவர் இரவு முழுக்க யோசித்தார். மறுநாள் பெஞ்சை மாற்றினார். உட்கார்ந்து இரண்டு நிமிஷம் ஆகவில்லை, பக்கத்தில் ஒரு தொப்பி வந்து உட்கார்ந்தது. பிரெஞ்சு ராணுவத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்து ஓய்வு பெற்ற பலராமன். ஊரில் அவரை முசியே என்றுதான் சொல்வார்கள்.

“போன்ழூர்! நீங்க நெல்லித்தோப்பு மதாம் பாக்கியலட்சுமியோட வீட்டுக்காரர் இல்ல?”

“எப்டித் தெரியும்?” என்றார் தணிகாசலம்.

“எங்க மதாமும் அவங்களும் ஒண்ணா யோகா கத்துக்கறாங்களே. ரொம்ப புத்திசாலி அவங்க. எதையும் மறைக்க முடியாதுன்னு எங்க மதாம் சொல்லும்.”

பலராமன் மெர்ஸி என்று நன்றி சொல்லிவிட்டு நடந்து போனார். தணிகாசலம் போய்க்கொண்டிருந்த தொப்பியையே பார்த்துக்கொண்டிருந்தார். மும்பை மாதிரி ஊரில் முன்பின் தெரியாதவர்களுக்குள்ளே ஒரு தொடர்பைக் கண்டுபிடிக்க ஒரு தொடரே எடுக்க வேண்டியிருக்கிறது. புதுச்சேரியில் அந்தச் சிரமமே இல்லை. எவனைப் பிடித்து இழுத்தாலும் பாக்கியத்தில் வந்து நிற்கிறது. தோட்டக்காரர் அவரைப் பார்த்தார், சந்தேகமாக இருந்தது. ஒரு குழந்தை அவரைப் பார்த்துச் சிரித்தது. அதுவும் சந்தேகமாக இருந்தது.

வீட்டிலோ பாக்கியம் புதிதாக ஒரு மாதிரி நடந்துகொண்டாள். அவர் பார்த்து முடித்த பாகங்களை இவளோடு முதல்முறை பார்ப்பதுபோல் உட்கார்ந்து, சரியான இடத்தில் திடுக்கிட வேண்டியிருந்தது. ஒருநாள் டாக்சி வெடிப்பதற்குக் கொஞ்சம் முன்பே திடுக்கிட்டுவிட்டார்.

“என்னாங்க, இன்னும் வெடிக்கவே இல்லியே?”

“வெடிக்கும்னு ஒரு இது.”

“ஓ” என்றாள் பாக்கியம். வழக்கத்தில் ஓ என்று சொல்கிறவள் இல்லை அவள்.

சனிக்கிழமை, கடைசி பாகத்தைப் பார்க்க, யாரும் அடையாளம் கண்டுபிடிக்கக் கூடாது என்று ஹெல்மெட்டைக் கழற்றாமலே பெஞ்சில் உட்கார்ந்தார். ஹெல்மெட்டுக்குள் வயர், வயருக்குள் மும்பை. பூங்காவில் இருந்த அத்தனை பேரும் அவரையேதான் பார்த்தார்கள். அது அவர் கண்ணில் படவில்லை; போனில் லிஃப்ட்காரன் கையில் விலங்கு விழுந்துகொண்டிருந்தது. லிஃப்ட்காரன்! அழுதுகொண்டே எல்லாவற்றையும் ஒத்துக்கொண்டான். இசை உயர்ந்தது, பேர்கள் ஓட ஆரம்பித்தன. தணிகாசலம் வயரைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு வண்டியை எடுக்கப் போனார். பச்சை ஸ்கூட்டரின் சீட்டை அன்று இரண்டு தடவை தட்டிக் கொடுத்தார். அது அன்று உதைக்காமலே கிளம்பியதாக அவருக்குத் தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமை. பந்தயத்துக்காக அன்று மத்தியானமே தொடர். குழம்பு, வறுவல், வைத்திலிங்கம் எல்லாம் தயார்.

“மாமா, நீங்க மொதல்ல.”

தணிகாசலம் எழுந்து நின்றார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். “பதினேழாவது மாடிக்குப் போனவன் யாரு? முதலாளி. கூட்டிகினு போனவன் யாரு? எல்லாக் கதவையும் தொறந்து மூடுறவன் எவனோ அவன்தான். லிஃப்ட்காரன்!”

“அடேயப்பா” என்றான் வைத்திலிங்கம். “அக்கா?”

“நர்சு” என்றாள் பாக்கியம், அப்பளத்தை உடைத்துக்கொண்டே.

தணிகாசலத்துக்கு அவள்மேல் இரக்கமே வந்துவிட்டது. மெஷின் வாங்கிக் கொடுத்துவிடலாம், மாடியில் வைத்துக்கொள்ளட்டும் என்றுகூட நினைத்தார். பாகம் ஓடியது. அவர் சரியான இடங்களில் திடுக்கிட்டார். லிஃப்ட்காரன் கையில் விலங்கு விழுந்தது.

“பாத்தியா! பாத்தியா! மச்சான், பாத்துக்கோ! என் வண்டிடா!” பேர்கள் ஓட ஆரம்பித்தன. தணிகாசலம் எழுந்தார். கை தானாக இடுப்பில் சாவியைத் தேடியது.

“உக்காருங்க” என்றாள் பாக்கியம்.

“முடிஞ்சிடுச்சி. பேரு ஓடுது.”

“ஓடட்டும். இங்க எந்த ஸ்டாண்டுல டோக்கன் குடுக்கணும்?”

பேர்கள் ஓடின. தையல்காரர் பேர், சமையல்காரர் பேர், எல்லாம். திரை இருண்டது. மறுபடி வெளிச்சம். சின்ன அறை. நர்ஸ் பீரோவைத் திறக்கிறாள். துணிகளுக்கு அடியிலிருந்து எதையோ எடுத்துத் துடைக்கிறாள். இடது கால் செருப்பு. கண்ணாடியைப் பார்த்து, “பாவம், எனக்காக உள்ள போயிட்டான்” என்று சொல்லிச் சிரிக்கிறாள்.

“அட, இது நான் பாத்தப்ப இல்லியே!” என்று கத்தினார் தணிகாசலம்.

வைத்திலிங்கம் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

“எப்ப பாத்தீங்க மாமா?” என்றான் வைத்திலிங்கம்.

இனி மறைத்து என்ன ஆகப்போகிறது? அவர் மனைவி பக்கம் திரும்பினார். “அங்கம்மாதான சொன்னா?”

“அங்கம்மாளுக்குத் தெரியுமா?”

“அப்ப அந்த முசியே?”

“முசியேவுக்குமா? பார்க்குல ஹெல்மெட்டு போட்டுகினு ஒருத்தர் படம் பாக்கறாருன்னு யோகா கிளாசுல பேசிக்கினாங்களே, அது நீங்கதானா?” பாக்கியம் தலையில் அடித்துக்கொண்டாள். “ஒருத்தரும் சொல்லல. இந்த டிவி சொல்லிச்சி.”

ரிமோட்டை அழுத்தினாள். பாகங்கள் வரிசையாகப் படங்களாக வந்தன. ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு சிவப்புக் கோடு.

“சங்கவி போனுக்கும் டிவிக்கும் ஒரே கணக்கதான போட்டுக் குடுத்தா? நீங்க அங்க எவ்ளோ பாத்தாலும் இங்க கோடு ஓடும். நேத்து சாயங்காலம் பாக்கறேன், கடைசி பாகத்துலயும் ஓடியிருக்குது. ஓரத்துல மட்டும் ஒரு நகத்தளவு மிச்சம். சரி, மனுஷன் வண்டிய எடுக்க ஓடிட்டாருன்னு தெரிஞ்சி போச்சி.”

“அப்ப நீயும் பாத்துட்ட! அதுவும் திருட்டுதான்!”

“நீங்க மிச்சம் வெச்சத மட்டும்தான் பாத்தேன். கல்யாணம் ஆனதுலேர்ந்து அததான பண்றேன்?”

தணிகாசலம் மச்சானைப் பார்த்தார். வைத்திலிங்கம் மேலே மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு தீர்ப்பு சொன்னான். “பந்தயம் கொலகாரன் யாருன்னுதான் மாமா. எப்டித் தெரிஞ்சிதுன்னு இல்ல.”

மறுநாள் காலை இராமதாஸ் வந்தார். ஸ்கூட்டரைக் கடைசியாக ஒருமுறை படுக்க வைத்து எழுப்பினார் தணிகாசலம். தள்ளுவண்டியில் ஏறிப் போன பச்சை நிறம் தெருமுனை திரும்பும் வரை பார்த்துக்கொண்டே நின்றார். பாக்கியமும் பக்கத்தில் வந்து நின்றாள். “சாயங்காலம் சினிமாவுக்குப் போலாமா?” என்று மட்டும் கேட்டாள்.

ஆட்டோவில் போனார்கள். படம் நன்றாகவே இருந்தது. ஹீரோ சட்டைக் கையை மடித்தான். தணிகாசலம் பாதி எழுந்துவிட்டார். பாக்கியம் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே அவர் சட்டை நுனியைப் பிடித்து இழுத்தாள்.

“எங்க எந்திரிக்கிறீங்க? எடுக்கறதுக்கு வண்டியா இருக்குது? உக்காந்து முழுசா பாருங்க.”