பதினொரு மணிக்குள் ஆறவேண்டிய மோட்டார்

"மாமா, கையை வைக்க முடியலை," என்றான் மச்சினன், விரலை ஊதிக்கொண்டே.

"உன்னை யாரு வைக்கச் சொன்னது?" என்று எரிந்து விழுந்தார் திருப்புளி. பட்டறையில் அவருக்கு அந்தப் பெயர்தான். சட்டைப் பையில் பேனா இருக்கவேண்டிய இடத்தில் திருப்புளிதான் இருக்கும்.

ஷூ கடை ஒன்றுக்காக அவர் செய்த சுழல் மேடை அது. இடுப்பு உயரப் பெட்டி, மேலே ஒரு தட்டு, தட்டில் ஒரு ஷூ. பெட்டிக்கு வெளியே பொருத்திய ஸ்டெப்பர் மோட்டார் அடி அடியாக எண்ணி வைத்து, பெட்டிக்குள் ஓடும் பெல்ட் வழியாகத் தட்டைச் சுழற்றும். கடைக்கார அம்மா பதினொரு மணிக்கு வருகிறார். அரைமணி ஓடவிட்டு மோட்டாரைத் தொட்டுப் பார்ப்பாராம்; சுட்டால் வேண்டாமாம்.

"என் பொறுப்பு" என்று முதலாளியிடம் மார்தட்டியிருந்தார் திருப்புளி. சொதப்பினால் பேக்கிங் பிரிவுக்கு மாற்றம். அங்கே மேற்பார்வை, சாட்சாத் இந்த மச்சினன். அவன் முன்னால் கைகட்டி நிற்கவேண்டும்.

முதலில் கரண்ட்டைக் குறைத்தார். மோட்டார் ஆறியது; தட்டும் நின்றது. ஷூ இருந்த இடத்திலேயே வெடவெடவென்று நடுங்கியது.

"குளிர் ஜுரமா மாமா?"

"வாயை மூடு."

கரண்ட்டைப் பழையபடி ஏற்றிவிட்டு, பெரிய ஃபேன் ஒன்றைத் திருப்பிவிட்டார். மச்சினன் திறந்து வைத்திருந்த மூட்டையிலிருந்து தெர்மகோல் உருண்டைகள் கிளம்பி, அந்தப் பக்கம் வந்த முதலாளியின் மீசையில் குடியேறின.

"என்னய்யா இது?"

"சோதனை சார்."

"எனக்கா?"

ஃபேனை அணைத்து, ஐஸ் கட்டிகளைத் துண்டில் சுற்றி மோட்டாருக்குப் பத்துப் போட்டார். ஐஸ் உருகி, தண்ணீர் கண்ட்ரோல் போர்டுக்குள் இறங்கியது. பட்டென்று ஒரு சத்தம், கொஞ்சம் புகை. மோட்டார் இனி ஜன்மத்துக்கும் சுடாது.

மணி பத்து ஐம்பது. திருப்புளி பெட்டியின் பின்கதவைத் திறந்து உள்ளே குந்தினார்.

"கதவைச் சாத்து மாப்ள. பெல்ட்டை நான் இழுத்துக்கறேன்."

"அக்கா கேட்டா என்ன சொல்றது?"

"வேலையில மூழ்கிட்டேன்னு சொல்லு."

அம்மா தன் டிரைவரோடு வந்து, நாற்காலி போட்டு உட்கார்ந்தார். உள்ளே இரு கையாலும் பெல்ட்டை இழுத்தார் திருப்புளி. முழங்கால் மரத்துப்போயிற்று. வியர்வை கண்ணில் வழிந்தது. மரத்தூள் தொண்டையை அரித்தது. வெளியே மோட்டார் குளுகுளுவென்று இருக்க, உள்ளே இவர் கொதித்தார். பேக்கிங் பிரிவை நினைத்துக்கொண்டு இருமலை விழுங்கினார். ஒருமுறை அல்ல, ஒன்பது முறை.

அரைமணி முடிந்தது.

"சில்லுன்னு இருக்கே," என்றது அம்மாவின் குரல். "சுத்துறதும் ஒரே சீரா இருக்கு. எங்க கையெழுத்துப் போடணும்?"

முதலாளி சிரித்துக்கொண்டே அவரை அலுவலக அறைக்கு அழைத்துப் போனார். பெட்டிக்குள் திருப்புளிக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. பிழைத்தோம்.

அப்போது பின்கதவை யாரோ மெல்லத் தட்டினார்கள். திறந்து பார்த்தார். டிரைவர் குனிந்து நின்றார்.

"வெளிய வாங்கண்ணே. மத்த மூணு கம்பெனிலயும் பெட்டிக்குள்ள இருந்தவங்க அஞ்சே நிமிஷத்துல இருமிட்டாங்க. அம்மாவுக்கு உங்களைத்தான் பிடிச்சிருக்கு, கடை காலைல பத்து மணிக்குத் திறப்போம், வந்துடுங்க."