ஆள் பிடிக்கப் போன கதை

தனக்கு நன்றாக எழுத வரும் என்ற நினைப்பு ஒரு மனிதனை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதற்கு நானே சாட்சி. என்னை அது நிறுத்திய இடம், தெமோதரைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் துரையின் பங்களா வாசல்.

அதற்கு முன் எட்டு வருடம் ஒரு கொம்பனித் தோட்டத்து ஆபீசில் கிளாக்கராக இருந்தேன். மாதம் பிறந்தால் சம்பளம், மழை பெய்தால் குடை பிடிக்க ஆள். அதை விட்டுவிட்டு ஒரு பழைய புகைப்படப் பெட்டியை வாங்கி, பதுளையில் படக்கடை வைத்தேன். “சொந்தத் தொழில்” என்று எல்லோரிடமும் சொன்னேன். (“சொந்தமா இருக்கு, தொழிலத்தான் காணோம்” என்றாள் என் மனைவி சிவகாமி.) முதல் மாதம் வந்தவர்கள் நாலு பேர். படத் தகடு கழுவும் மருந்து கொழும்பிலிருந்து வந்து சேராததால் அந்த நாலு பேரும் பெட்டிக்குள்ளேயே இருந்தார்கள்.

ஊர் வராவிட்டால் தோட்டத்துக்குப் போவோம் என்று கிளம்பினேன். தோட்டமும் கைவிட்டால், பழைய துரையிடம் போய்த் தலையைச் சொறிந்துகொண்டு நிற்பதைத் தவிர வழியில்லை.

ஆகவே மிகுந்த கவனத்தோடு ஒரு விளம்பரப் பலகை எழுதினேன். “படம்” என்ற சொல் அதில் இல்லை. அது பாமரத்தனமாகத் தோன்றியதால் விட்டுவிட்டேன்.

“ஆட்களை உள்ளது உள்ளபடி பிடிக்கிறோம். குடும்பத்தோடு வருவோருக்குச் சலுகை. குழந்தைகளையும் பிடிப்போம். ஒருமுறை பிடித்தால் ஆயுசுக்கும் போகாது.”

ஒரு தோட்டத்துத் தொழிலாளரை ஆசை காட்டி இன்னொரு தோட்டத்துக்குக் கடத்துவதற்கு மலைநாட்டில் ஒரே பெயர்தான்: ஆள் பிடித்தல். துரைமாருக்குத் தேயிலைப் பூச்சியைவிட அதில்தான் பயம். “ஆள் பிடிக்க வருகிறவனைப் பிடித்துக் கொண்டு வரவும்” என்று என் பழைய தோட்டத்தில் அறிவித்தல் எழுதி ஒட்டியவனே நான்தான். அது அன்றைக்கு நினைவுக்கு வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை, தொழிலாளர் குடியிருக்கும் லயத்து முற்றத்தில் படப்பெட்டியின் முக்காலியை ஊன்றிப் பலகையைச் சாய்த்து வைத்தேன். கூட்டம் கூடியது. பெரிய கங்காணி முத்தையா வந்து பலகையை எழுத்துக் கூட்டி உரக்க வாசித்தார். “குழந்தைகளையும்” என்ற இடத்தில் முற்றம் காலியாகி, லயத்துக் கதவுகள் வரிசையாகச் சாத்தப்பட்டன. எஞ்சியவர்கள் கங்காணியும் தடியோடு ஏழெட்டு ஆண்களும்.

“எந்தத் தோட்டத்துக்குய்யா ஆள் புடிக்கிற?”

“எந்தத் தோட்டத்துக்கும் இல்லைங்க கங்காணி. சொந்தமாத்தான் புடிக்கிறேன்.”

“சொந்தமாவா! இதுவரைக்கும் எத்தன பேரு?”

“பதுளையில நாலு பேருதாங்க. இங்க வந்தா நெறையப் புடிக்கலாம்னு சொன்னாங்க.”

“அந்த நாலு பேரும் இப்ப எங்க?”

“இந்தப் பொட்டிக்குள்ளதாங்க.”

சாத்திய கதவொன்றின் பின்னாலிருந்து, “அடி ஆத்தே, பொட்டிக்குள்ளயா!” என்று ஒரு பெண் குரல் கேட்டது.

அடுத்த கால் மணியில் பங்களா வாசலில் இருந்தேன். துரையிடம் ஆங்கிலத்தில் விளக்கிவிடலாம் என்று நம்பினேன். பதற்றத்தில் அங்கேயும் படத்தை மறந்து, “ஐயா, நான் ஆட்களை எடுக்கிறவன்” என்று மட்டும் சொன்னேன். பெட்டியைத் திறக்கச் சொன்னார் துரை. “வெளிச்சம் படக்கூடாது!” என்று நான் அலறியது அவருடைய சந்தேகத்தை உறுதிப்படுத்தியது. கங்காணியே திறந்தார். உள்ளே ஆளும் இல்லை, பிடித்த ஆட்களின் பெயர்ப் பட்டியலும் இல்லை. நாலு கண்ணாடித் தகடுகள் பங்குனி வெயிலில் பளபளத்தன. நாலு பேரும் அந்த நொடியே அழிந்தார்கள்.

உண்மை புரிந்த பிறகு துரை சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, இனி என்னை உள்ளே விடக்கூடாதென்று அக்கம்பக்கத் தோட்டங்களுக்கெல்லாம் கடிதம் எழுதினார். அழிந்த நால்வரில் ஒருவரான ஜவுளிக்கடைக் காசிம் நானா, “அரை மணி நேரம் மூச்ச அடக்கி நின்னேனே தம்பி, என்னய வெயில்ல வச்சிட்டியாமே” என்று கேட்டார். படக்கடை அந்த வாரமே மூடியது.

பெயரைக் காப்பாற்ற, “நான் ஆள் பிடிப்பவன் அல்லன்” என்று கொழும்புப் பத்திரிகை ஒன்றுக்கு நடந்ததை எழுதி அனுப்பினேன். ஆசிரியர் அதை முழுசாகப் போட்டுவிட்டு, ஊவா மாகாணச் செய்திகளையும் அனுப்ப முடியுமா என்று கேட்டார். அன்றிலிருந்து நிருபர். இப்போது எதை எழுதினாலும் சிவகாமிக்கு ஒரு தடவை வாசித்துக் காட்டிய பிறகே தபாலில் சேர்க்கிறேன்.

இருபது வருடம் கழித்து எங்கள் மகளுக்கு லுணுகலையில் வாத்தியாராக இருந்த ஒரு பையனைப் பார்த்தோம். கல்யாணம் முடிந்து விருந்துக்கு வந்த மாப்பிள்ளை, சோற்றைப் பிசைந்தபடி சாவதானமாகச் சொன்னார்:

“நா அந்தத் தோட்டத்துல பொறந்தவன்தாங்க மாமா. நீங்க ஆள் புடிக்க வந்த அன்னிக்கு எங்கம்மா என்னயக் கொழுந்துக் கூடையில போட்டு, மேல கம்பளியப் போட்டு மூடிட்டாங்க. அன்னிக்குத் தப்பிச்சவன், இன்னிக்கு மாட்டிக்கிட்டேன்.”

சிவகாமி அவர் இலையில் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தாள். “மெதுவாச் சாப்பிடுங்க தம்பி,” என்றாள். “ஒருதடவ புடிச்சா ஆயுசுக்கும் போகாது.”