கொளஞ்சி மேல் ஒரு பிராது

இனிமேல் நொட்டாங்கையே போதும் என்று கொளஞ்சி முடிவு கட்டிவிட்டார். சாதாரண முடிவா அது? டீ நொட்டாங்கையில். சீப்பு நொட்டாங்கையில். ஒரு சட்டைப் பொத்தான் போட இருபது நிமிஷம், அதுவும் நொட்டாங்கையில்தான்.

பக்கவாதம் லேசாகத்தான் வந்துபோனது. வாய் கோணவில்லை. கால் நடந்தது. சோத்தாங்கை மட்டும் நனைந்த துணி மாதிரி தொங்கியது. ஞாபகத்திலும் அங்கங்கே ஓட்டை. பீங்கான் பட்டறையில் முப்பது வருஷமாகப் பொம்மைகளுக்குக் கண் எழுதியவர் அவர். "உங்க இடத்துல மூணு மாசத்துக்கு யாரையும் வைக்க மாட்டேன், வாங்கண்ணே" என்றிருந்தார் முதலாளி. அதில் ஒரு மாசம் போய்விட்டது.

டாக்டரம்மா தெளிவாகத்தான் சொன்னார். "மூளை ரெண்டு பாதி ஐயா. எடது பாதிதான் வலது கையை ஆட்டி வைக்குது. அங்க கொஞ்சம் அடிபட்டிருக்கு. மிச்சம் இருக்கறது அந்த வேலையைக் கத்துக்கும். ஆனா தெனம் அந்தக் கையால செஞ்சாத்தான் கத்துக்கும். சும்மா வச்சிருந்தா மூளை அந்தக் கையையே மறந்துடும்."

இதில் வேண்டியதை மட்டும் கொளஞ்சி எடுத்துக்கொண்டார்.

"எடது மூளை ஃபெயிலு நீலா. வலது மூளை பாஸு. பாஸானவன வச்சித்தான் பொழப்ப ஓட்டணும்."

"ஃபெயிலான புள்ளைய படிக்க வைக்க மாட்டீங்களா?" என்றாள் நீலாவதி.

"வெட்டிச் செலவு."

உண்மை வேறு. அவள் கடைக்குப் போயிருந்த ஒரு நாள், சோத்தாங்கையில் தூரிகையைப் பிடித்துப் பார்த்தார். வட்டம் போட நினைத்தார். மண்புழு வந்தது. அதோடு சரி. பெற்ற பிள்ளைகளிடமும் சொல்லவில்லை, கட்டியவளிடமும் சொல்லவில்லை.

ஒரு திங்கட்கிழமை நீலாவதி கோயிலுக்குப் போய்விட்டு வந்தாள். நெற்றி நிறையத் திருநீறு. கையில் ஒரு நோட்டு.

"கொளஞ்சியப்பருக்குப் பிராது எழுதணும்."

மணவாளநல்லூர்க் கொளஞ்சியப்பரிடம் குறையைக் காகிதத்தில் எழுதிக் கட்டிவிட்டால், சாமியே விசாரித்துத் தீர்ப்பார். தீர்ந்ததும் போய், வாபஸ் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வரவேண்டும்.

"யாரு மேல பிராது?"

"உங்க மேலதான்."

"அவரு பேரைத்தான்டி எனக்கு வச்சிருக்கு! அவருகிட்டயே எம்மேல பிராதா?"

"எழுதிக் குடுங்க. என் எழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும். முடியாதுன்னா சொல்லுங்க, எதுத்த வூட்டு செல்வநாயகி எழுதிக் குடுக்கும்."

செல்வநாயகி எழுதினால் விஷயம் சாமிக்கு முன்னால் பஸ் ஸ்டாண்டுக்குப் போய்ச் சேரும். கொளஞ்சி அவசரமாக நொட்டாங்கையில் பேனாவை எடுத்தார்.

"ஐயோ! சாமிக்குக் குடுக்கறத நொட்டாங்கையிலயா?" கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

ஐம்பத்தெட்டு வயசில் ஒரு பூவைக்கூட அந்தக் கையால் சாமிக்குப் போட்டவரில்லை. பேனாவைச் சோத்தாங்கைக்கு மாற்றினார்.

முதல் நாள் பிள்ளையார் சுழி மட்டும் வந்தது. அதிலும் பிள்ளையார் படுத்திருந்தார். நாலாம் நாள் எழுந்து உட்கார்ந்தார். பத்தாம் நாள் வரி வந்தது.

"எழுதுங்க. எங்க கல்யாணம் ஆவணி மாசம் நடந்துது."

"வைகாசிடி! மழை பேஞ்சி பந்தல் வுழுந்துச்சே!"

"அப்படியா? சரி. அன்னிக்கே இவரு எங்கண்ணன மதிக்கல."

"உங்கண்ணன்தான் பந்தல்காரனோட மல்லுக்கு நின்னாரு!"

"எழுதறவரு வாதாடப்படாது."

"வாதாடுவேன். தனியா எழுதுவேன். சாமி ரெண்டு பக்கமும் கேக்கட்டும்!"

"உங்க கை, உங்க இஷ்டம்."

அன்று முதல் நோட்டில் இடப்பக்கம் பிராது, வலப்பக்கம் மறுப்பு. அவள் ரெண்டு வரி சொன்னால் அவர் ஒரு பக்கம் எழுதினார். மீன் குழம்பு உப்புக்கு மட்டும் மூன்று பக்கம்.

"பெரியவ பிரபா பொறந்தப்ப ஒரு நாள் லேட்டா வந்தாரு. எழுதுங்க."

கொளஞ்சிக்குப் பொங்கிக்கொண்டு வந்தது. 'பொய். பெண்ணாடத்தில் பஸ்ஸு நின்றுபோனது. கரும்பு டிராக்டரில் தொற்றிக்கொண்டு அன்றைக்கே வந்தேன். மடியில் உனக்கு ரெண்டு ஆரஞ்சு.'

எழுதியதைத் திரும்பப் படித்தார். உடம்புக்கு வந்த நாளிலிருந்து அந்த ஆரஞ்சு அவருக்கு ஞாபகத்திலேயே இல்லை. அடுப்படியில் நீலாவதி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். புகைதான் என்றாள். கேஸ் அடுப்பில் ஏது புகை?

நோட்டு தீர்ந்தது. ஆட்டோ பிடித்துக் கோயிலுக்குப் போனார்கள். கொளஞ்சி நோட்டை மார்போடு அணைத்திருந்தார். இன்றைக்கு வழக்கில் ஜெயிப்பது யாரென்று பார்த்துவிடலாம்!

"மொதல்ல ஒரு வரி எழுதுங்க, தனிக் காயிதத்துல," என்றாள் அவள். "'எங்க பிராது தீந்துபோச்சு சாமி. வாபஸ் வாங்கிக்கறோம்.'"

எழுதினார். எழுத்துகள் வரிசையாக நின்றன. அப்புறம்தான் உறைத்தது.

"கட்டாத பிராத எப்படி நீலா வாபஸ் வாங்கறது?"

"அது அந்தத் திங்கக்கெழமையே கட்டியாச்சுங்க. நானே எழுதினேன். ஒரே வரி."

"என்னன்னு?"

"இவரு மனசுல இருக்கற பயம் போவணும்னு."

கொளஞ்சி நோட்டைப் பார்த்தார். தன் கையைப் பார்த்தார்.

"பட்டறையில கண்ணு எழுத வருமா நீலா?"

"வரும். வர்ற வாரம் வரீங்கன்னு மொதலாளிகிட்ட சொல்லியாச்சு," என்றாள் நீலாவதி. "தெனம் காலையில அந்தக் கையாலயே தேங்காயத் துருவி வச்சிட்டுப் போங்க."