கதவை மூடுவது குறித்த நிபுணர் ஆலோசனை

உலகில் தோன்றிய மேதைகளில் பாதிப் பேர் இறந்துவிட்டார்கள். மீதிப் பேர் எங்கள் ஆர்.என்.ஏ. மற்றும் தொற்றுநோய் ஆராய்ச்சி நிலையத்தின் ஆலோசனைக் குழுவில் இருக்கிறார்கள். மொத்தம் ஏழு பேர். வருடத்துக்கு ஒரு தடவை வந்து 'வழிகாட்டி'விட்டுப் போவார்கள். கூட்டக் குறிப்பு எழுதும் பாக்கியம் தலைமை எழுத்தரான எனக்கு.

இந்த வருடம் ஆராய்ச்சியை 'நேரிலேயே' பார்ப்பதென்று குழு முடிவெடுத்தது. இங்கே நேரில் பார்க்கும்படி இருப்பது ஒரே ஒரு பொருள்: மைனஸ் எண்பது டிகிரியில் உறுமிக்கொண்டிருக்கும் ஆளுயர ஃப்ரீசர். அதற்குள் இரண்டு அட்டைப்பெட்டிகளில் இருநூறு குழந்தைகளின் சளி. நாங்கள் 'சளி மேடம்' என்றழைக்கும் விஞ்ஞானி, நான்கு வருடம் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்து சேர்த்தது. குழந்தைகளுக்கு வரும் ஒரு புதுக் காய்ச்சலை முதல் நாளே கண்டுபிடிக்க ஒரு சோதனை தயாரிக்கிறார். சளியிலுள்ள ஆர்.என்.ஏ. மகா தொட்டாற்சிணுங்கி, கொஞ்சம் சூடு பட்டாலும் போச்சு. ஆகவே ஃப்ரீசர் கதவில் எழுதி ஒட்டியிருந்தார்: "கதவை உடனே மூடவும்."

தலைவர் கதவை அகலத் திறந்தார். பிறகுதான் அறிவிப்பைப் படித்தார்.

"இது யார் எழுதினது?"

"நான்தான் சார்."

"'மூடவும்'னா அதிகாரம் பண்ற மாதிரி இருக்கேம்மா."

"'மூடினால் நலம்'னு போடலாமே," என்றார் இரண்டாமவர்.

"நலம்னு எப்படிச் சொல்றீங்க? ஆதாரம் வேணும்," என்றார் மூன்றாமவர். "ஆறு மாசம் மூடாம விட்டுப் பாத்தாத்தானே தெரியும்?"

"சார், கதவு..."

"அதைப் பத்தித்தாம்மா பேசிட்டிருக்கோம்!"

ஃப்ரீசர் கீச்கீச்சென்று அலற ஆரம்பித்தது. "யாருடைய போன் அது?" என்று தலைவர் அதட்டினார். ஏழு பேரும் பையில் கைவிட்டு போனை அணைத்தார்கள். அன்று ஏகமனதாக நடந்த ஒரே காரியம் அதுதான். குறித்துக்கொண்டேன்.

நாற்பது நிமிடம் போயிற்று. சளி மேடம் மூன்று தடவை வாயைத் திறந்தார். கேள்வி நேரம் கடைசியில் என்று மூன்று தடவையும் சொல்லப்பட்டது.

அப்போது தரை துடைக்கும் அக்கா துடைப்பத்தோடு உள்ளே வந்தார்.

"என்னங்க இது, திறந்து போட்டுட்டு வேடிக்கை பாக்குறீங்க?"

இடுப்பால் ஒரே இடி. கதவு மூடிக்கொண்டது. அலறலும் நின்றது.

அப்போதுதான் மூலையில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த மூத்த ஆலோசகரின் குரல் கேட்டது. அவர் முழங்கால் மேல் ஓர் அட்டைப்பெட்டி இருந்தது.

"ஏம்மா, மூட்டு வலிக்கு இது நல்லா ஜில்லுன்னு இதமா இருந்துச்சு. இப்ப சூடாயிடுச்சு. உள்ளே இன்னொண்ணு இருக்கில்ல, எடுத்துக் குடேன்."

சளி மேடம் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "நூறு குழந்தைங்க சார்," என்றார். "சிலது இப்ப உயிரோடவே இல்ல. திரும்ப யார்கிட்ட போய்க் கேப்பேன்?" அதையும் குறித்துக்கொண்டேன்.

"அழக்கூடாது," என்று தலைவர் தேற்றினார். "விஞ்ஞானத்துல இதெல்லாம் சகஜம்."

குழுவின் அறிக்கை மறுநாளே வந்தது. இந்த நிலையத்தில் மாதிரிகள் 'தாமாகவே' கெட்டுப்போவது கவலை தருகிறதாம். போதிய வழிகாட்டல் இல்லாததே காரணமாம். இனி ஏழு பேரும் மாதந்தோறும் வருவார்கள்.

உள்ளே இன்னும் உருகாமல் மிச்சமிருந்த நூறு பிழைத்துக்கொண்டது. அதைக் காப்பாற்றிய அக்காவுக்கு ஒரு மெமோ: "நிபுணர் ஆலோசனை நிலுவையில் இருக்கும்போது கதவைத் தன்னிச்சையாக மூடியது ஏன்? மூன்று நாளுக்குள் விளக்கம் தரவும்."

தட்டச்சு செய்தவன் நான்தான். ஓர் எழுத்துப்பிழை கிடையாது. கை நீட்டினால் எட்டும் தூரத்தில், அந்தக் கதவுக்குப் பக்கத்தில், நாற்பது நிமிடமும் குறிப்பெடுத்துக்கொண்டு நின்றவனும் நான்தான்.