கிளட்ச் இல்லாத காரும் டிரஸர் ஐயாவும்

எங்கள் ஊரான காஜா பெராங்கில் பழைய கார் வாங்க நினைத்த எவரும் டிரஸர் ஐயாவைக் கேட்காமல் வாங்கியதில்லை. மலாயா முழுக்கத் தேடினாலும் அவரைப்போல் காரைப் பற்றித் தெரிந்தவர் கிடைக்கமாட்டார் என்று எங்கள் தெருவே சத்தியம் செய்யும். அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது என்பதை யாரும் பெரிய குறையாக நினைக்கவில்லை.

தோட்டத்து ஆஸ்பத்திரியில் ஆயுள் முழுக்க மருந்து கலக்கிக் கொடுத்துவிட்டு, ஓய்வு பெற்று டவுனுக்குக் குடிவந்தவர். அந்த வேலைக்குத்தான் டிரஸர் என்று பெயர். மனிதர்களைப் பார்த்து அலுத்துப்போய்க் கார்களைப் பார்க்கத் தொடங்கிவிட்டார். வைத்தியம் மட்டும் பழைய வைத்தியமே. அவர் பார்க்க வருவதற்கு முதல் நாள் சாயங்காலத்திலிருந்து காரை எடுத்திருக்கக் கூடாது. "வெறும் வயித்துல வச்சிருக்கணும். முன்னாடியே ஸ்டார்ட் பண்ணி சூடாக்கிக் காட்டினா, நோய மறைக்கிறான்னு அர்த்தம்" என்பார். பிறகு ஸ்டெதாஸ்கோப்பைக் காதில் மாட்டிக்கொண்டு பானெட்டின்மேல் குனிவார். விற்பவர் குறுக்கே வாயைத் திறந்தால், "நீங்க பேசாதீங்க, நோயாளி பேசட்டும்" என்று அடக்கிவிடுவார்.

ஜாலான் பெண்டஹாராவில் ஜவுளிக்கடை வைத்திருந்த ஒருவருடைய காருக்கு நெஞ்சுச்சளி என்று சொன்னார். ஜவுளிக்கடைக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். அடுத்த வாரம் பெண் பார்க்கப் போன அந்தக் கார் தெங்கேரா நடுரோட்டில் இருமி இருமி நின்றுவிட்டது. பட்டு வேட்டியோடு மாப்பிள்ளையே இறங்கித் தள்ளினார். அதற்குப் பிறகு புக்கிட் பாருவிலிருந்தெல்லாம் ஆள் வந்து டிரஸர் ஐயாவைக் கூட்டிப் போனார்கள்.

ஒருமுறை பானெட்டில் காதை வைத்தபடியே தூங்கிவிட்டார். அவர் ஏதோ ஆழமாக ஆராய்கிறார் என்று நினைத்து விற்பவருக்கு வியர்த்துக் கொட்டியது. பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "ஐயா, ரேடியேட்டர் ஒட்டுப்போட்டது, பிரேக் சரியில்ல, எல்லாத்தையும் நானே சொல்லிடுறேன்" என்று கையெடுத்துக் கும்பிட்டார். டிரஸர் ஐயா கண்ணைத் திறந்து, "அதான் கேட்டுக்கிட்டு இருந்தேன்" என்றார்.

இனி என் கதைக்கு வருகிறேன். சின்ன வயதில் வந்த காய்ச்சலில் என் இடது கால் சூம்பிப்போனது. நடப்பேன், ஆனால் கிளட்சை மிதிக்க அந்தக் காலில் பலம் கிடையாது. கோயிலானாலும் கல்யாணமானாலும் யாராவது காரில் இடம் மிஞ்சினால்தான் எங்களுக்குப் பயணம். என் இரண்டு பெண்களும் ஊரார் மடியிலேயே உட்கார்ந்து வளர்ந்தார்கள். என் பிள்ளைகளை ஒரு தடவையாவது நானே ஓட்டிக்கொண்டு போகவேண்டும் என்கிற ஏக்கம் என்னைத் தின்றுகொண்டிருந்தது.

மெர்டேக்கா, அதாவது நாட்டுச் சுதந்திரம் நெருங்கி, துரைமார்கள் மூட்டை கட்டிய நேரம். தெங்கேராவில் தவுக்கே என்று எல்லாரும் அழைக்கும் ஒரு சீன முதலாளி, ஊருக்குக் கிளம்பிய ஒரு துரையின் நாலு கதவுக் காரை விற்க வைத்திருந்தார். கியர் தானே மாறிக்கொள்ளும் கார். கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. ஆனால் என் மனைவி சரசு ஒரே பிடியாக நின்றாள். "டிரஸர் ஐயா சரின்னு சொன்னா பிள்ளைங்கள ஏத்துறேன். இல்லன்னா நீங்க ஒண்டியாப் போய்க்கிங்க."

ஆக, ஒரு காலையில் குடும்பத்தோடு தவுக்கேயின் வாசலில் நின்றோம். டிரஸர் ஐயா கதவைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தார். கத்தினார்.

"தவுக்கே! ரெண்டு பெடல்தான் இருக்கு! கிளட்ச் மானா? எங்க?"

"தாடா லா, கிளட்ச் இல்ல. கியர் தானா மாறும்" என்றார் தவுக்கே பாதி மலாயிலும் பாதித் தமிழிலும்.

"தானா மாறுமா? என் சர்வீஸ்ல தானா எதுவும் ஆனதில்ல. ஒரு பெடல கழட்டி வித்துட்டான் தம்பி!"

நான் சமாதானப்படுத்தினேன். முணுமுணுத்துக்கொண்டே தம் வெள்ளைத் துண்டைக் காருக்கு அடியில் விரித்தார். எஞ்சினை ஓடவிட்டு, கியர் பெட்டியில் எண்ணெய் அளவு பார்க்கும் கம்பியை உருவினார். கம்பியின் நுனி சிவப்பாக இருந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"ரத்தம்!"

"மிஞ்ஞா லா, மிஞ்ஞா!" எண்ணெய்தான் அது, இந்த வண்டிக்கு எண்ணெயே சிவப்புதான் என்று தவுக்கே தலையில் அடித்துக்கொண்டார்.

"எண்ணெய்னா கறுப்பா இருக்கும். நான் பாக்காத எண்ணெயா? இது உசுருள்ள வண்டி தம்பி. நம்ம கைக்கு மீறின கேஸு. வாங்க, வீட்டுக்குப் போவலாம்."

சரசு பிள்ளைகளின் கையைப் பிடித்துத் திரும்பினாள். சின்னவள் உதட்டைப் பிதுக்கினாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவரை முதன்முறையாக எதிர்த்துப் பேசினேன்.

"ரத்தம்னே வச்சிக்குவோம் ஐயா. நல்ல ரத்தமா கெட்ட ரத்தமான்னு டிரஸர் பாக்காம வேற யாரு பாப்பாங்க?"

அது வேலை செய்தது. எழுந்தார். கம்பியை முகர்ந்தார். "கருகின வாடை இல்ல." விரல்களுக்கிடையே தேய்த்தார். "பொடி தட்டல." துண்டை உருவிப் பார்த்தார், ஒரு சொட்டுகூட இல்லை. தவுக்கேயைப் பிரேக்கை மிதித்துக்கொண்டு கியரை முன்னும் பின்னும் மாற்றச் சொல்லி, கடிகாரத்தைப் பார்த்தார். "உடனே எந்திரிக்குது. உதறல் இல்ல." பிறகு என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, நீங்க ஏறுங்க."

"நானா?"

"நோயாளி நடக்கறதப் பாக்காம நான் டிஸ்சார்ஜ் பண்ணமாட்டேன்."

தவுக்கே பக்கத்தில் உட்கார்ந்து கண்ணை இறுக மூடிக்கொண்டார். என் இடது கால் வேலையில்லாமல் சும்மா கிடந்தது. வலது காலை மெல்ல அழுத்தினேன். கார் நகர்ந்தது! தவுக்கே வீட்டு முற்றத்துத் தென்னை மரங்களைச் சுற்றி, கோழிகள் சிதற, நான் கார் ஓட்டினேன். கூடவே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஒரு கையால் ஸ்டெதாஸ்கோப்பைப் பானெட்டில் அழுத்தியபடி, டிரஸர் ஐயா ஓடிவந்தார். ஒரு சுற்று, இரண்டு சுற்று, மூன்று சுற்று. பிள்ளைகள் கைதட்டிக் குதித்தார்கள். காரை நிறுத்தினேன்.

"என்னா ஐயா, சத்தம் எப்படி இருக்கு?" என்று சரசு கேட்டாள்.

"பிரமாதம்மா. ஒரு கோளாறும் இல்ல. பிள்ளைங்கள ஏத்து" என்றார், மூச்சு வாங்க.

சரசு அவர் சொல்லை அப்படியே நம்பி ஏறினாள். ஆனால் ஸ்டெதாஸ்கோப் முதல் சுற்றிலேயே காதிலிருந்து கழன்று அவர் கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்ததை நான் ஸ்டியரிங்கில் இருந்தபடியே பார்த்தேன். அந்த மனிதர் எஞ்சினைக் கேட்கவே இல்லை. மூன்று சுற்றும் என் முகத்தையே பார்த்துச் சிரித்துக்கொண்டு ஓடிவந்தார்.