அறுபதுதாங்க கடைசி

சூலூர் சுந்தரராஜுலுவின் குடும்ப மானம் முப்பத்தோராயிரத்து ஐந்நூறு ரூபாய்க்கு முடிந்தது. கடையில் முப்பத்து நாலாயிரம் சொன்னார்கள். ஒரு மணி நேரம் நின்று பேசியதில் கவரும் இலவசமாக வந்தது.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு வெள்ளகோவில் மாப்பிள்ளை வீட்டார் வீடியோ காலில் பெண் பார்ப்பதாக ஏற்பாடு. பத்தரைக்கு ராகுகாலம், அதற்குள் பேசி முடித்தாக வேண்டும். பழைய போனில் மகள் மேக்னாவின் மூக்கு நாலு கட்டமாகத் தெரிகிறது, மானம் போய்விடும் என்று மனைவி ரங்கநாயகி சொன்னதால்தான் இந்தப் புதுப் போன்.

ஒன்பது மணிக்கு, சும்மா இருக்கமாட்டாமல், போன் வந்த அட்டைப்பெட்டியை எடுத்துப் படித்தார். முப்பது வருடமாகக் கிணற்றுக்குள் இறக்கும் மோட்டார் செய்து விற்பவர். எந்தப் பெட்டியைப் பார்த்தாலும் கண் முதலில் ஹெர்ட்ஸுக்குத்தான் போகும்.

"ரங்கநாயகீ! நூத்தி இருபது ஹெர்ட்ஸ் போட்டிருக்குது!"

"நல்லதுதானுங்க. கம்மியாக் குடுத்தாத்தான் சண்டைக்குப் போவீங்க."

"என்ன நல்லது? கரண்டாபீஸ்ல நாடு பூராவுக்கும் குடுக்கறது அம்பது. மேக்கொண்டு எழுபது எங்கிருந்து வருது? அம்பதுல ஓடற மோட்டார நூத்தி இருபதுல ஓட்டுனா உள்ள சுத்துன காயில் கருகிப்போகுமாக்கும்!"

மாப்பிள்ளையின் அப்பா கோதண்டராமன் வெள்ளகோவிலில் கருகிய மோட்டாருக்குப் புதுக் காயில் சுற்றும் ரீவைண்டிங் பட்டறை வைத்திருப்பவர் என்பதுதான் அவருடைய கவலையை இரண்டு மடங்காக்கியது.

"தொழில் தெரிஞ்ச மனுசன். பேசிட்டிருக்கறப்பவே போன் பொகஞ்சுதுன்னா என்ன நெனப்பாரு? ஒரு போன ஓட்டத் தெரியாதவன் ஊட்டுலயா பொண்ணெடுக்கறதுன்னு எந்திரிச்சுப் போயிருவாரு!"

"எம் போன்லயே பேசிக்கலாமுங்கப்பா" என்றாள் மேக்னா.

"பொண்ணு நம்பரு மாப்பிள்ளை ஊட்டுக்குப் போறதா? என்ன கண்ணு பேசற?"

அந்த நம்பர் மாப்பிள்ளை வம்சிக்கு ஏழு மாதமாகத் தெரியும். தரகர் தற்செயலாகக் கொண்டுவந்த வரன் போல இதைக் காட்ட மேக்னாவும் அவனும் பட்ட பாடு அவர்களுக்குத்தான் வெளிச்சம்.

சுந்தரராஜுலு மனைவியின் போனிலிருந்து கடைக்குப் பேசினார். போன் விற்ற கிளாடிஸ் எடுத்தாள்.

"ஏனுங்க அம்மணி, இந்த நூத்தி இருபதுன்னா என்னங்க?"

"ஸ்கிரீன் வினாடிக்கு நூத்தி இருபது தடவ புதுசா மாறுமுங்க சார். பாக்க வழவழன்னு இருக்கும்."

"நான் ஒரு தடவதானுங்க பாக்கறேன்? மிச்சம் நூத்திப் பத்தொம்பது யாருக்கு?"

"வேண்டாம்னா செட்டிங்ஸ்ல கொறச்சுக்கலாமுங்க சார்."

"அம்பதுக்குக் குடுங்க."

"அறுபதுதாங்க கடைசி."

"அம்பத்தஞ்சு. வாங்கி ரெண்டு நாள்கூட ஆகல. வாடிக்கைக்காரனப் பாத்துச் செய்யுங்க."

"சார், அதுல இருக்கறதே மூணுதானுங்க. அறுபது, நூத்தி இருபது, ஆட்டோ."

"சரி உடுங்க, அறுபது. ஆனா கொறச்ச அறுபத வீணாக்கிப்போடாதீங்க. எஞ்சம்சாரம் போனுக்கு மாத்தி உட்ருங்க."

லைன் கட்டாகிவிட்டது.

பேரம் படிந்த திருப்தி இரண்டு நிமிடம்கூட நிற்கவில்லை. அறுபதும் ஐம்பதுக்குப் பத்து கூடத்தானே? ஆட்டோ என்றால் நம் மோட்டார் ஸ்டார்ட்டர் மாதிரி தானாகப் பார்த்துக்கொள்ளும் என்று அதைப் போட்டார். ஹெர்ட்ஸ் இறங்கிவிட்டதா என்று தேடி, ஆத்திரத்தில் எதையோ ஏழு தடவை தட்டியதில், அதுவரை இல்லாத ஒரு பட்டியல் திறந்தது. அதில் ஒன்றை அமுக்கியதும் திரையின் மூலையில் பச்சை எழுத்தில் அறுபது என்று எண் வந்து நின்றது.

"பாத்தியா!" என்று மனைவிக்குத் தொட்டுக் காட்டினார். எண் நூற்றிருபதுக்குத் தாவியது.

கையை எடுத்தார். அறுபது. தொட்டார். நூற்றிருபது.

"தொட்டா ஏறுதுங்க" என்றாள் ரங்கநாயகி.

"எனக்கும் கண்ணிருக்குது."

ஏறாமல் ஒரு தடவையாவது தொட்டுவிட முடியுமா என்று நகத்தால், முழங்கையால், வெண்டைக்காயால் தொட்டுப் பார்த்தார். வெண்டைக்காய்க்கும் ஏறியது. வோல்டேஜ் கோளாறாக இருக்கலாம் என்று தோன்றவே, பிரிட்ஜின் ஸ்டெபிலைசரைக் கழற்றி அதில் போனைச் சார்ஜ் போட்டார். சார்ஜ் ஏற ஏறத் தொட்டுக்கொண்டும் இருந்தார். பத்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது போன் தோசைக்கல்லாகக் கொதித்தது. பிரிட்ஜிலிருந்து தண்ணீர் சொட்டத் தொடங்கியது.

அந்தத் தண்ணீரைப் பார்த்ததும்தான் அவருக்கு யோசனை பிறந்தது.

"நம்ம மோட்டார் இருபது வருசம் கருகாம ஓடுதே, எதனால? தண்ணிக்குள்ள கெடக்கறதனால! இந்தப் போனும் அரை மணி நேரம் தண்ணி தாங்கும்னு பொட்டில அவனே எழுதியிருக்கறான். பத்துலருந்து பத்தரை. கணக்கா அரை மணி!"

"ஏனுங்க, புதுப் போனுங்க!"

"புது மோட்டாரயும் கிணத்துலதான எறக்கறோம்?"

மேக்னா சார்ஜரைப் பிடுங்குவதற்கும் அவர் போனை எவர்சில்வர் சொம்புக்குள் நட்டுவைப்பதற்கும் சரியாக இருந்தது. பாதி போன் தண்ணீரில். கேமரா மட்டும் மேலே. சூடு குறைந்தது. பத்து மணிக்கு அழைப்பு வந்தது.

திரையின் மேல்பாதியில் கோதண்டராமன் மூக்குக்கு மேலே தெரிந்தார். பின்னால் வம்சியின் தலைமுடியும் நெற்றியும். குரல் வந்தது.

"குளு... வணக்... குளுகுளு... முங்க."

"வணக்கமுங்க! சத்தம் ஒரு மாதிரி வருதுங்களா? கோளாறு நம்ம பக்கந்தாங்க, மன்னிச்சுக்குங்க!"

"சே சே... குளு... நம்ம பக்கந்தானுங்க கோளாறு!"

"அப்படிச் சொல்லாதீங்க. முழுக்க எங்க தப்புங்க."

"இல்லீங்க... குளு... சத்தியமா எங்க தப்பு... குளுகுளு."

"என்ன மரியாதை பாத்தியா?" என்று சுந்தரராஜுலு மனைவியிடம் உருகினார். "நம்ம கோளாறத் தூக்கித் தன் தலைல போட்டுக்கறாரு!"

தானும் மரியாதையில் இளைத்தவரில்லை என்று காட்டப் பதிலுக்கு மன்னிப்புக் கேட்டார். அங்கிருந்து திரும்ப வந்தது. இருபத்திரண்டு நிமிடம் இப்படியே போனது. பெண்ணுக்கு என்ன படிப்பு என்று யாரும் கேட்கவில்லை. மேக்னா பட்டுப்புடவையில் வியர்த்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தாள். ராகுகாலத்துக்குள் ஒரு வார்த்தை வராவிட்டால் ஏழு மாதமும் தண்ணீரில்தான்.

திடீரென்று கோதண்டராமனின் புருவம் உயர்ந்தது. முக்கியமாக ஏதோ கேட்கிறார்.

"குளுகுளுகுளு... ளுங்களா?"

"ஆமாங்க, ஆமாங்க!" என்றார் சுந்தரராஜுலு, பொதுவாக.

புருவம் சுருங்கியது. வம்சி நெற்றியில் கை வைத்தான்.

"இல்லீங்க, இல்லீங்க!" என்று அவசரமாக மாற்றினார். புருவம் இன்னும் சுருங்கியது.

பத்து இருபத்தெட்டு. மேக்னாவுக்குப் பொறுக்கவில்லை. நேராக வந்து சொம்பிலிருந்து போனை உருவி, முந்தானையில் துடைத்து, இரண்டு உதறு உதறினாள். மூலையில் எண் நூற்றிருபதில் நின்றது.

"இப்பச் சொல்லுங்க மாமா."

"குளுகுளுகுளு" என்றார் கோதண்டராமன்.

சுந்தரராஜுலு நாற்காலியில் சரிந்தார். "வெளிய எடுத்தும் கொப்புளிக்குதே! உள்ள தண்ணி போயிருச்சு! போன் போச்சு, சம்பந்தமும் போச்சு!"

அப்போது திரை ஆடியது. அலை அடித்தது. ஒரு மின்விசிறி தலைகீழாகச் சுற்றியது. பிறகு வம்சியின் தங்கை கனிஷ்காவின் முகம் ஈரத்தோடு திரை முழுக்க வந்தது. குரல் கணீரென்று கேட்டது:

"மன்னிச்சுக்குங்க அண்ணி, கோளாறு நெசமாலுமே எங்க பக்கந்தானுங்க, போன் நூத்தி நாப்பத்தி நாலு ஹெர்ட்ஸ்ல ஓடுதுன்னு அப்பா அதக் குண்டாச் சட்டித் தண்ணிக்குள்ள எறக்கிப்போட்டாரு, அம்பது போகப் பாக்கி தொண்ணூத்தி நாலு எங்கிருந்து வருதுன்னு கரண்டாபீஸ்ல இன்னும் சொல்லலீங்களாமா!"