கோகுலகிருஷ்ணனின் இடது கண்

கோகுலகிருஷ்ணன் பெண்ணைப் பார்த்துக் கண்ணடித்திருந்தால்கூட மன்னித்திருப்பார்கள். அவன் அடித்தது பெண்ணின் பெரியப்பாவைப் பார்த்து.

வேண்டுமென்று செய்யவில்லை, பாவம். இடது கண்ணின் மேலிமையில் சில முடிகள் வெளியே வளராமல் உள்ளே திரும்பி விழியைக் குத்திக்கொண்டிருந்தன. காற்றுப் பட்டால் போதும், அந்தக் கண் மட்டும் பட்டென்று மூடித் திறக்கும். கெடார் கிராமத்துக்குப் பெண் பார்க்கப் போன அன்று பெண் வீட்டுக்காரர்கள், மாப்பிள்ளைக்கு வியர்க்கிறதே என்று டேபிள் ஃபேனை அவன் முகத்துக்கு நேராகத் திருப்பி வைத்திருந்தார்கள்.

எதிரே பெரியப்பா பச்சைமுத்து. மாட்டுச் சந்தையில் தரகர். அந்த வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம். பெண்ணின் அப்பா ராஜாமணி அண்ணன் சொல்வதற்குத் தலையாட்டுவார். அம்மா தையல்நாயகி அதுகூடச் செய்யாமல் கதவோரம் நின்றிருந்தாள்.

"அம்பது பவுனு போட்டுடுங்க," என்றார் கோகுலின் அப்பா சுப்பராயலு.

கோகுலின் கண் அடித்தது. பச்சைமுத்து அவனை உற்றுப் பார்த்தார்.

பெண் அருணாவைக் கோகுலுக்குப் பிடித்துப்போயிருந்தது. "சக்கர கம்மியாத்தான் போட்டேன், வேணும்னா கேளுங்க" என்று அவள் காபியை நீட்டியபோதே முடிவு பண்ணிவிட்டான், கட்டினால் இவளைத்தான். இந்தப் பாழாய்ப்போன கண் அதைக் கெடுத்துவிடும் போலிருந்தது.

"தாராளமா போட்டுடலாம்," என்றார் பச்சைமுத்து.

சுப்பராயலுவுக்கே தூக்கிவாரிப் போட்டது. பேரம் பேசுவார்கள், பாதியில் முடியும் என்று நினைத்து வந்தவர் அவர். சூட்டோடு சூடாக ஒரு பைக்கும் கேட்டார். கண் மறுபடி அடித்தது.

"அதுக்கின்னா, வாங்கிட்டா போச்சி."

போதும்பா என்று சொல்ல கோகுலுக்கு வாய் வரை வந்தது. அப்பா பேசும்போது குறுக்கே பேசும் வழக்கம் அவர்கள் வீட்டில் கிடையாது. அவனும் புதிதாக ஆரம்பிக்கவில்லை.

திண்டிவனம் டிராக்டர் ஷோரூமில் கூட வேலை பார்க்கும் இனியவனிடம் விஷயத்தைச் சொன்னான்.

"பெரியவரப் பாத்தா கண்ணடிச்ச? இன்னாடா இப்டி பேஜாரு பண்ணிக்கினு வந்து நிக்கற?"

"நான் எங்கடா அடிச்சேன், அதுவா அடிக்குது."

"முடிதான குத்துது? புடுங்கிடு."

பக்கத்துப் பியூட்டி பார்லரில் சின்ன இடுக்கி ஒன்றைக் கடன் வாங்கி இனியவனே பிடுங்கினான். சில வாரம் சுகமாக இருந்தது. பிறகு அதே முடிகள் வெட்டிய கேப்பைத் தாள் மாதிரி விறைப்பாக முளைத்து வந்தன. தாம்பூலம் மாற்றப் போன அன்று கண் காற்றே இல்லாமல் அடித்துக்கொண்டது.

"கல்யாணத்த விழுப்புரத்துல ஏசி மண்டபத்துல வச்சிடுங்க," என்றார் சுப்பராயலு.

அடித்தது.

"வச்சிடலாம்."

"பைக்கு வேணாம், காரா குடுத்துடுங்க."

இரண்டு முறை அடித்தது. பச்சைமுத்து விழுந்து விழுந்து சிரித்தார். கோகுலின் தொடையில் தட்டி, "மாப்ள நம்மாளு," என்றார்.

கோகுலுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. சொத்தைப் பிடுங்குகிறார்கள், கூடவே கண்ணும் அடிக்கிறார்கள் என்றால் எவன் சிரிப்பான்? அருணாவுக்குப் போன் செய்தான்.

"உங்க பெரியப்பா என்னப் பத்தி தப்பா எதுனா சொன்னாரா?"

"தப்பாவா? இந்தக் காலத்துல இப்டி ஒரு புள்ளயான்னு எல்லாரும் பேசிக்கினு இருக்காங்க. எங்கம்மா கோயில்ல ஒங்க பேர்ல அர்ச்சனை பண்ணிட்டு வந்தாங்க."

அர்ச்சனை வேறா? அன்றிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

விழுப்புரத்தில் முகூர்த்தப் புடவை எடுக்கும் நாளில் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு போனான். புடவைக் குவியலுக்கு நடுவில் சுப்பராயலு, "காரு கொஞ்சம் பெரிசா இருக்கட்டும்," என்றார்.

பச்சைமுத்து கோகுலின் முகத்தை இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். ராஜாமணிக்கு வியர்த்தது.

"மாப்ள, அந்தக் கண்ணாடியக் கொஞ்சம் கழட்டுங்களேன்."

கழற்றினான். அடித்தது.

"பெரிய காராவே வாங்கிடலாம்," என்றார் பச்சைமுத்து நிம்மதியாக.

இனி தாங்காது என்று மறுநாளே விழுப்புரத்தில் ஒரு கண் மருத்துவமனைக்கு ஓடினான். டாக்டர் கலைப்பிரியா விளக்கடித்துப் பார்த்தார்.

"முடிய ஏன் புடுங்கினீங்க? புடுங்கினா திரும்பவும் குச்சி மாதிரிதான் வரும். கருவிழியில பாருங்க, கீறல். இப்படியே விட்டா பார்வை போயிடும்."

"கல்யாணம் இருக்குங்க மேடம்."

"அதுக்குள்ள ஆறிடும். இமையில சின்னதா ஒரு வெட்டு. முடி வளர்ற ஓரத்த வெளிப்பக்கமா திருப்பித் தச்சிடுவோம். எல்லாம் ரோட்டப் பாத்து வளரும்."

இமையில் ஊசி போட்டபோது அம்மாவைக் கூப்பிட்டான். அதற்கப்புறம் வலி இல்லை. மறுநாள் கட்டுப் பிரித்ததும் கண் வீங்கியிருந்தது. ஆனால் குத்தவில்லை, அடிக்கவில்லை. ஜன்னலோரம் நின்று காற்று வாங்கிப் பார்த்தான். சிமிட்டினால் இரண்டு கண்ணும் சேர்ந்தே சிமிட்டின. சந்தோஷத்தில் அழுகை வந்தது.

சாத்துக்குடியோடு பெண் வீட்டார் மொத்தமும் வந்து நின்றார்கள்.

"கண்ணுக்கு இன்னா மாப்ள?" என்றார் பச்சைமுத்து.

இனி மறைப்பானேன் என்று கோகுல் மனசைத் திறந்தான். "மாமா, மன்னிச்சிடுங்க. இத்தினி நாளா நான் ஒங்களப் பாத்துக் கண்ணே அடிக்கலீங்க. முடி உள்ள குத்திக்கினு இருந்துச்சி, அது தானா அடிச்சிக்கிச்சி. டாக்டரம்மா சரி பண்ணிட்டாங்க. இனிமே அடிக்காது."

எல்லோரும் சிரிப்பார்கள் என்று எதிர்பார்த்தான். ஒருவரும் சிரிக்கவில்லை. ராஜாமணி அண்ணனைப் பார்த்தார். பச்சைமுத்து ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தார்.

"வெல சொல்லும்போது கண்ணடிச்சா, எங்க சந்தையில..." என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை.

அதுவரை அவன் எதிரில் ஒரு வார்த்தை பேசியிராத தையல்நாயகி, சாத்துக்குடிப் பையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்.

"அப்ப ஒங்கப்பா கேட்டதெல்லாம் சபைக்காகச் சும்மா கேட்டது இல்லியா மாப்ள, நெசமாவே குடுக்கணுமா?"